தக்காளியின் அடியில் ஏன் இந்தக் கறுப்பு?

போன கோடையில் மொட்டை மாடித் தொட்டியில் முதல் தக்காளி பழுத்ததும் என் மகள் பறித்துக்கொண்டு ஓடி வந்தாள். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு! "பூச்சிம்மா, செடியையே பிடுங்கிப் போட்டுடலாமா?" என்றாள்.

பூச்சியுமில்லை, தொற்றுநோயுமில்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாததால் வரும் அடியழுகல் இது. மண்ணில் சத்து இருந்தாலும் வரும், அதுதான் வேடிக்கை! இந்தச் சத்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். பெரும்பங்கை இலைகள் இழுத்துக்கொள்ளும். காயின் நுனிக்குக் கடைசியில்தான் கிடைக்கும். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாய்க் கொட்டினால் (நான் செய்தது அதேதான்) காய் பட்டினிதான்.

வெயில் நாட்களில் தவறாமல், தொட்டியின் அடி ஓட்டையில் கசியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். மண்மேல் காய்ந்த சருகைப் பரப்புங்கள். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலைதான் மதமதவென்று வளரும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாம், ஆனால் அது மக்க மாதக்கணக்காகும். இந்தக் காய்க்கு உதவாது.

கறுத்த பிஞ்சு இனித் தேறாது, கிள்ளிவிடுங்கள். பழுத்ததில் பூஞ்சணம் இல்லையென்றால் கறுப்பை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். மகள் பறித்த பழம் அன்றைக்கு ரசத்துக்குள் போயிற்று.