கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லையா? பயிற்சியை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி கேட்டு வாங்குங்கள்

ஒன்றரை வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லையா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல், உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறதா? "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. அம்மா வேலைக்குப் போனதால் வந்ததில்லை, யாருடைய சாபமும் இல்லை. முழுசாகக் குணமாக்கும் மருந்தும் கிடையாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்கினால், தனக்கு வேண்டியதைத் தெரிவிக்கவும் தன் வேலையைத் தானே செய்யவும் குழந்தை பழகிக்கொள்ள அது உதவும்.

எப்போது காட்டணும்?

* 1 வயதாகியும் பேருக்குத் திரும்பாதது
* ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டாதது
* 2 வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது
* எந்த வயதிலும், பேசிய பேச்சு நின்றுபோவது

இதில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவு செய்யக் கூடாது. காது கேட்கிறதா என்பதையும் சேர்த்துப் பரிசோதிப்பார்கள்.

எங்கே போகணும்?

முதலில் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு நேராகவும் போகலாம். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று தெரியவில்லையா? 104-க்கு போன் பண்ணிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்

பலர் முதல்முறை போய்விட்டு அப்புறம் போவதில்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அங்கே காட்டும் பொம்மையும் மேஜை நாற்காலியும் நம்ம வீட்டில் இருக்காது. இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். உங்கள் நிலைமை தெரிந்தால்தான் அதற்கேற்ற பயிற்சியைத் தர முடியும்.

* பேச்சு: வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, இருளர் மொழியோ பேசினால் அதையே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பாதிப்பு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மா மனசார பேசும் மொழியில்தான் கொஞ்சலும் கதையும் வரும்.
* பொருள்: தட்டு, டம்ளர், தண்ணீர்க் குடம் போதும். தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிடும் வீடு என்றால், அதையே சொல்லித்தரச் சொல்லுங்கள்.
* ஆள்: பகலில் பாட்டியோ அக்காவோ பார்த்துக்கொண்டால் அவரையும் அழைத்துப் போங்கள். பயிற்சியை அவரும் கற்றுக்கொள்ளட்டும்.
* நேரம்: வேலை இல்லாத கிழமை எது என்று முன்கூட்டியே சொல்லி, அந்த நாளில் வரச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.
* போன்: புது இடத்தில் குழந்தை மிரண்டு போகலாம். வீட்டில் விளையாடுவதையும் சாப்பிடுவதையும் ஓரிரு நிமிட வீடியோவாக எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்படி வீட்டுச் சூழலுக்குள்ளேயே பயிற்சி தருவது நம் மாநிலத்தில் நடந்துவருகிற ஒன்றுதான். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தின் சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தை மொபைல் செயலியில் பதிவு செய்கிறார்கள்.

என்ன உதவி கிடைக்கும்?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கும் யு.டி.ஐ.டி. அட்டைக்கும் போனிலேயே சுவாவ்லம்பன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரண கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைப் பெறலாம். பயிற்சிச் செலவும் இதில் அடங்கும்.

அட்டை கைக்கு வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். விண்ணப்பம் ஒரு பக்கம் நடக்கட்டும். நாளைக்கு அங்கன்வாடி திறந்ததும் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.