நல்லவர் என்ற பெயர் காவல் ஆகாது

கோலாலம்பூரின் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ் இளைஞரை நம்பி வீட்டுக்குள் விட்டன. அவர் தேவாலயத்துக்கு வந்தார், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், தொண்டர் என்று அறியப்பட்டார். 2006 முதல் 2014 வரை அந்தப் பெயரின் மறைவில் கைக்குழந்தைகளைக்கூட அவர் சீரழித்தார். ஏழைப் பிள்ளைகளை வசப்படுத்துவது எளிது என்று எழுதியும் வைத்திருந்தார். ஆஸ்திரேலியப் போலீசார் ஒரு ரகசிய இணையத் தளத்தைக் கைப்பற்றியபோதுதான் அவர் சிக்கினார். 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் 71 குற்றங்களுக்காக அவருக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைக் காப்பது பற்றிப் பேசும்போது இந்த வழக்கை முன்னே வைக்கக் காரணம் உண்டு. ஹக்கிள் எந்த மிஷன் பள்ளியிலும் வேலைக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியர் இல்லை, பாதிரியாரும் இல்லை. யாருடைய பொறுப்பிலும் வராத இடைவெளியில் அவர் நின்றார்.

அந்த இடைவெளி நம் பள்ளிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. 1852இல் பினாங்கில் லா சால் சகோதரர்களும் குழந்தை இயேசு கன்னியரும் தொடங்கிய மிஷன் பள்ளிகள் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் என்று பரவின. இன்று நிலமும் பெயரும் சபையுடையவை, ஆசிரியர்களை அனுப்புவது கல்வியமைச்சு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு பங்குத்தந்தையின் பார்வையில் நடக்கிறது. ஜெஞ்சாரோம் போன்ற ஊரிலிருந்து ஒரு பிள்ளை கிள்ளானுக்குப் படிக்க வந்தால் வேன் ஓட்டுநர், டியூஷன் ஆசிரியர், பாடகர் குழுவை நடத்துபவர் எனப் பல கைகள் மாறுகிறது. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறதென்று கேட்கத் தலைமையாசிரியர் இருக்கிறார். வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்க யார் இருக்கிறார்? ஆபத்து பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான் தங்குகிறது என்பது என் வாதம். ஆட்களின் நற்பெயரை விசாரிப்பதோடு நிறுத்தினால் அவ்விடங்கள் அப்படியே கிடக்கும்.

ஹக்கிள் வழக்கின் அதிர்ச்சிக்குப் பிறகு மலேசியா 2017இல் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தை இயற்றியது. பிள்ளையிடம் பேசிப் பழகி வசப்படுத்துவதே இப்போது குற்றம். ஆசிரியரைப்போல நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் தவறு செய்தால் கூடுதலாக 5 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. 19ஆம் பிரிவு நம் எல்லாரையும் தொடுகிறது: இச்சட்டத்தின்கீழ் ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். தண்டனை பெற்றவர்களின் பதிவேடு ஒன்றும் சமூக நல இலாகாவிடம் உள்ளது, ஆள் எடுப்பவர் அதில் பெயரைச் சரிபார்க்கலாம். சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் அப்படியொரு பதிவேடு இருந்திருந்தாலும் அதில் ஹக்கிளின் பெயர் அகப்பட்டிருக்காது. பிடிபடாதவரைக் காட்டித்தரும் பட்டியல் கிடையாது. அதனால்தான் யாராக இருந்தாலும் பொருந்தும் ஏற்பாடுகள் தேவை: பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோருக்குத் தெரியாமல் பரிசோ பணமோ தரக் கூடாது. வறுமையுள்ள வீட்டில் பரிசுக்கு எவ்வளவு பலம் என்பது ஹக்கிளுக்குத் தெரிந்திருந்தது, நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இது அன்பான ஆசிரியரையும் குற்றவாளியாகப் பார்ப்பதாகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வலியுள்ள கேள்விதான். ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும்போது அது யாரையும் சுட்டுவதில்லை, வீண்பழியிலிருந்து நல்லவரையும் அதுவே காக்கிறது. பிள்ளைகள் கற்பனையாகச் சொல்வார்கள் என்ற இன்னொரு பேச்சை என்னால் அவ்வளவு பொறுமையோடு கேட்க முடியவில்லை. நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2017இல் தந்த இறுதி அறிக்கையின்படி, அதனிடம் பேசிய பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை முதன்முதலில் வாய்விட்டுச் சொல்லச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆயின. ஒரு பிள்ளை ஏழு வயதிலேயே சொல்லிவிட்டால் அது அரிய துணிச்சல். பிள்ளையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டனை வழங்கலாம் என்று நம் 2017 சட்டமும் ஏற்றுக்கொள்கிறது.

சபையின் மானம் போகும், உள்ளேயே பேசித் தீர்க்கலாம் என்ற யோசனைதான் உலகெங்கும் திருச்சபைக்கு அதிக மானக்கேட்டைத் தந்தது. குருக்களும் துறவியரும் தங்கள் மேலிடத்துக்குப் புகார் தெரிவிக்க வேண்டும் என்று போப் பிரான்சிஸ் 2019இல் கட்டாயமாக்கினார். நாட்டுச் சட்டம் கேட்கும் கடமையை அந்த ஆணை குறைக்கவில்லை. எனவே முதலில் போலீஸ், பிறகு ஆயர் இல்லம்.

கட்டுப்பாடு கூடினால் தொண்டர்கள் வரமாட்டார்கள் என்பது சிறிய பங்குகளின் உண்மையான கவலை. ஆள் குறைவான இடத்தில் இரண்டு மறைக்கல்வி வகுப்புகளை ஒரே மண்டபத்தில் நடத்தலாம், பெற்றோர் முறைவைத்து உட்காரலாம். வேனில் யார் எங்கே இறங்குகிறார்கள் என்ற தாளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வைத்திருக்கலாம். தாலியான் காசே உதவி எண் 15999ஐத் தமிழிலும் மலாயிலும் எழுதி, பிள்ளைகளின் கண்மட்டத்தில், பள்ளியிலும் கோயில் வாசலிலும் வேனுக்குள்ளும் ஒட்டலாம். இவற்றில் எதற்கும் மறைமாவட்டத்தின் அனுமதிக்கோ அமைச்சின் சுற்றறிக்கைக்கோ காத்திருக்கத் தேவையில்லை.