செத்தும் சாகாத வில்லன்

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகவே பேசி ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் அந்த வகைக்கு மூத்தது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டிஎம் என்று பெயர். மற்றவர்கள் வீரர்கள். கதை முற்றும் இடத்தில் ஒரு பெரிய வில்லன் வந்தாக வேண்டும். அவன் ஏற்கெனவே செத்தவன் என்றால் சுவாரசியம் அதிகம். அவனை வடிவமைப்பதுதான் பெரும்பாடு.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் 'லிச்', மரணத்தை மந்திரத்தால் ஏமாற்றிய ஒரு மந்திரவாதியின் எலும்புக்கூடு. அதன் உயிர்ப்புள்ளி 135. நான்கு வீரர்கள் ஆளுக்கு 25 புள்ளி அடித்தால் ஒரு சுற்றில் 100 போய்விடும். அடுத்த சுற்றோடு ஆட்டம் முடிந்தது. நான்கு பேர் நான்கு முறை அடிக்க, அது ஒரு முறைதானே திருப்பி அடிக்கும்? அதனால்தான் மற்றவர்களின் முறை முடிந்ததும் குறுக்கே புகுந்து செய்ய ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று கூடுதல் செயல்களைக் கொடுத்தார்கள். நாளுக்கு மூன்று தடவை, தற்காப்புக்கு உருட்டித் தோற்ற பகடையையும் வென்றதாக மாற்றிக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை. லிச்சின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. உடலை நொறுக்கினாலும், உயிரை ஒளித்து வைத்திருக்கும் பேழை மிஞ்சியிருந்தால் பத்து நாளுக்குள் புது உடலோடு வந்து நிற்கும். ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கூண்டுக் கிளியிடம் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியைப் பாட்டிகள் நமக்கு எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1868-இல் மேரி ஃபிரியர் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பிலும் அந்தக் கிளி இருக்கிறது. எவ்வளவு அடித்தால் சாவான் என்று கேட்பதைவிட எதைச் செய்தால் சாவான் என்று கேட்பவரே நல்ல டிஎம்.

அந்த வகையில் விக்கிரமாதித்தன் கதை வேதாளம் அருமையான வடிவமைப்பு. அது கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தாலோ அது மரத்துக்குப் பறந்துவிடும். வாளுக்கு வேலையே இல்லை.

என்னைக் கேட்டால் முதல் பரிசு பழையனூர் நீலிக்கு. நீலிக்கண்ணீர் என்கிறோமே, அந்த நீலிதான். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் இப்போது வணிகனாகத் திருவாலங்காட்டுப் பக்கம் வருகிறான். கையில் மந்திரக் கத்தி. அது இருக்கும்வரை நெருங்க முடியாது. நீலி சண்டைக்கே போகவில்லை. ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபைக்கு வருகிறாள். "கட்டின புருஷன் கைவிட்டுப் போகிறாரே!" என்று அழுகை. இறக்கிவிட்ட குழந்தை நேரே போய் வணிகன் மடியில் ஏறுகிறது. சபை நம்பிவிடுகிறது. கத்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்கிறாள். அதையும் வாங்கி வைக்கிறார்கள். அவன் உயிருக்கு எழுபது வேளாளர்கள் பிணை. விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். வீரனின் ஆயுதத்தை ஊர் நியாயத்தைக் கொண்டே பிடுங்கும் எதிரி! எந்த விதிப்புத்தகத்திலும் இப்படி ஒருத்தியை நான் பார்க்கவில்லை.

(சுடலைமாடனையும் இசக்கியையும் இதில் இழுக்க மாட்டேன். தென்மாவட்டத்தில் அவர்கள் கொடை வாங்கும் தெய்வங்கள். பகடை உருட்டி வெட்ட வேண்டியவர்கள் அல்ல.)

இனி சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளத்துக் கரிசலில் ஒரு வில்லனை நட்டுப் பார்ப்போம். கற்பனைதான். செத்துப்போன ஒரு வட்டிக்காரர். உயிர் கிளியில் இல்லை, ஊரார் எழுதிக் கொடுத்த புரோநோட்டுகளில் இருக்கிறது. அசலும் வட்டியும் தீர்ந்தும் திருப்பித் தராத நோட்டுகள் ஐந்து. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டில் ஒளிந்திருக்கிறது. ஐந்தும் எரியும்வரை அவரை எத்தனை வெட்டினாலும் மறுநாள் வசூலுக்கு வந்துவிடுவார்.

களத்தையும் ஆயுதமாக்கலாம். ஐப்பசி மழையில் கரிசல் மண் காலில் அப்பி, செருப்பு செங்கல் கனம் கனக்கும். விளையாட்டு விதிப்படி வீரர்களின் நடை பாதியாகும், 30 அடி போகிறவர் 15 அடிதான். கோடையில் நிலம் பாளம்பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளிலிருந்து கைகள் நீளட்டும்.

ஒன்றில் கஞ்சத்தனம் கூடாது. நோட்டுச் சங்கதி சண்டைக்கு முன்பே வீரர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். டீக்கடைப் பெரியவர் பாதி சொல்லட்டும், வட்டிக்காரரின் பழைய கணக்குப்பிள்ளை மீதியைச் சொல்லட்டும். கோவில் சுவரில் யாரோ கரியால் ஐந்து கோடு இழுத்திருக்கட்டும். மூன்றில் இரண்டை வீரர்கள் கவனிக்காமல் விட்டாலும் ஒன்று பிடிபடும். ஒரு நோட்டை எரிக்க ஒருவரின் முழு முறையும் செலவாகும் என்று வைத்துவிட்டால், யார் எரிப்பது, யார் வட்டிக்காரரைத் தடுத்து நிறுத்துவது என்று மேஜையில் சத்தம் கிளம்பிவிடும்.