வெந்நீர் ஊற்றுகளைத் தேடி



பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் சூலியா தெரு இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். தென்னிந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலேறி வந்து வாணிபம் செய்த தமிழ் முஸ்லிம்களை அக்காலத்தில் சூலியர் என்று அழைத்தார்கள். அவர்கள் பெயரே தெருவுக்கு நிலைத்தது. நாகூர் தர்கா நிற்பதும் அந்தத் தெருவில்தான். இன்று அங்கே பயணிகள் தங்கும் விடுதிகளும், மோட்டார் சைக்கிளை வாடகைக்கு விடும் கடைகளும் இருக்கின்றன. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, நம் நாட்டு வெந்நீர் ஊற்றுகள் சிலவற்றை மனக்கண்ணால் பார்த்து வருவோமா?

பெரியில் ஏறிப் பட்டர்வொர்த்தை அடைகிறோம். 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் வழியாகவும் வரலாம். கூலிமைக் கடந்து, பால்மரத் தோட்டங்களின் ஊடே பாலிங் வட்டாரத்திற்குப் போனால், அங்கே உலு லெகோங் வெந்நீர்க் குளங்கள் உள்ளன. மேலும் சென்றால், முன்னாளில் குரோ என்று வழங்கப்பட்ட பெங்காலான் ஹுலுவிலும் வெந்நீர்க் குளம் உண்டு. பிறகு கெரிக், கோலகங்சார் வழியாக ஈப்போவுக்கு வந்தால், சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் தம்புன் ஊற்றுகள். தெற்கே செம்பனைக் காடுகளுக்கு நடுவே சுங்கை சுங்கை கிளா. அங்கே கூடையில் முட்டையை வைத்து ஊற்றில் இறக்கினால் வெந்துவிடும். அவ்வளவு சூடு!

அடுப்பு இல்லை, விறகு இல்லை. இந்த நீரைச் சுட வைப்பது யார்? எரிமலைதான் காரணம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. காரணம் வேறு.

மலையில் பெய்யும் மழைநீரில் ஒரு பகுதி பாறை வெடிப்புகளின் வழியாகக் கீழே இறங்குகிறது. பூமிக்குள் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளே! 27 பாகையில் இருந்த நீர் இரண்டு கிலோமீட்டர் ஆழம் போனால் என்ன ஆகும்? ஏறத்தாழ 80 பாகைக்கு வந்துவிடும். கருங்கல் பாறையில் சிறிதளவு யுரேனியம், தோரியம் போன்ற பொருள்கள் உள்ளன. அவை மெல்லச் சிதையும்போதும் வெப்பம் பிறக்கிறது. சூடேறிய நீர், பாறை பிளந்த பெரிய வெடிப்பைக் கண்டால், ஆறுவதற்குள் விரைந்து மேலே வந்துவிடுகிறது. அதனால்தான் நம் ஊற்றுகளில் பெரும்பாலானவை கருங்கல் மலைகளிலும் அவற்றின் ஓரங்களிலும் காணப்படுகின்றன. சில ஊற்றுகளில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அது கந்தகம் சேர்ந்த வாயுவின் வாடை.

வெந்நீர் ஊற்று மழைக்காட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் வடகோடியில் லடாக் இருக்கிறது. மழை மிகக் குறைந்த, குளிர்ந்த பாலைவனம் அது. கோடைக் காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் நெடும்பயணமாக அங்கே போகிறார்கள். அவர்களில் பலர் ஓட்டும் ராயல் என்பீல்டு வண்டி, நம்மவர் வாழும் சென்னையில் 1955 முதல் உருவாகி வருவது. சிந்து நதிக் கரையில் சுமதாங், நூப்ரா பள்ளத்தாக்கில் பனாமிக், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரத்தில் பூகா என ஊற்றுகள் உள்ளன. பூகாவில் காற்றழுத்தம் குறைவு. ஆகையால் நீர் 100 பாகையில் அல்ல, 85 பாகையை ஒட்டியே கொதிக்கிறது. கொதிக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சூட்டை அளக்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

இந்த இடத்தில் பெற்றோர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். விடுமுறையில் பிள்ளைகளை ஊற்றுக்கு அழைத்துப் போகிறோம். தெளிந்த நீர் குமிழி விடாமல் அமைதியாக இருக்கும். பிள்ளை காலை வைத்துவிடும். 60 பாகை நீர் பட்டால் ஐந்தே நொடியில் பெரியவர் தோலும் ஆழமாக வெந்துபோகும். பிள்ளைகளின் தோல் மெல்லியது. இன்னும் விரைவில் வேகும். எனவே குளிப்பதற்கென்று ஒதுக்கிய குளத்தில் மட்டும் இறங்குங்கள். முதலில் பெரியவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். தலையை நீரில் முக்க வேண்டாம். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் மூக்கு வழியாக மூளைக்குச் செல்லக்கூடும். அந்நோய் மிக அரியது. ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே.

தவறிச் சுட்டுவிட்டால், பற்பசையும் கிச்சாப்பும் பூசாதீர்கள். குளிர்ந்த குழாய்நீரை இருபது நிமிடம் காயத்தின்மேல் ஓடவிட்டு, பின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செம்பனைக் குலை வெட்டியும் பால்மரம் சீவியும் அலுத்த தோளுக்கும் முதுகுக்கும் வெந்நீர் இதம் தரும். அது உண்மை. ஆனால் இனிப்பு நீரையோ இரத்த அழுத்தத்தையோ எந்த ஊற்றும் போக்கிவிடாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே கேடு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கலாம். சுடுவதே தெரியாமல் புண்ணாகிவிடும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின் இறங்குவது நல்லது. மற்றவர்களும் பத்து, பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரிந்து தலை சுற்றும். நீண்ட தூரம் வெயிலில் வண்டி ஓட்டி வந்தவர் முதலில் தண்ணீர் குடித்து, நிழலில் சற்று இளைப்பாறட்டும். குளித்து முடித்ததும் உடனே வண்டியை எடுக்க வேண்டாம். தலைக்கவசம் உங்களுக்கு மட்டும் போதாது. பின்னால் அமரும் பிள்ளைக்கும் அளவான ஒன்று வேண்டும்.

பூமி நமக்குக் காசில்லாமல் காய்ச்சித் தரும் நீர் இது. அதன் சூட்டை அறிந்து பயன்படுத்தினால், உழைத்த உடம்புக்கு அது நல்ல ஓய்வு. அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் முன், இன்று கேட்டதை வீட்டில் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள்.