வாங்கும்போதே லாபம் பார்க்க வேண்டிய சரக்கு

பழைய மின்னணுச் சாமான் வியாபாரம் நமது பகுதிக்குப் புதிதல்ல. 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டை மூத்த வணிகர்கள் இன்றும் மறக்கவில்லை. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் கடைசி நிறுத்தமான கடற்கரையில் பர்மா பஜார்; பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் ஏற்பட்டது. எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ரிச்சி தெரு. மலிவாகச் சரக்கு எடுக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. எடுத்ததைத் தலைவலியின்றி விற்பதில்தான் சாமர்த்தியம்.

கோவளம், மாமல்லபுரம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் டி.வி., ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் விலை பேசுமுன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்று பட்ட போர்டில் செம்பு பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மேலே பளபளப்பாக இருந்தும் பயனில்லை. பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது உதிரிபாகச் சரக்குதான். கெபாசிட்டர் உப்பியிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், மாற்றச் செலவு சொற்பம்.

செல்போன் வேறு கதை. பில் இல்லாமல் பாதி விலைக்கு நீட்டுபவரிடம் நாம் பேரம் பேசுவதே ஆபத்து. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போனின் விவரம் தெரியும். முடக்கப்பட்ட போன் என்றால் தொடவே வேண்டாம். நல்ல போன் என்றாலும் விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், கையெழுத்து ஆகியவற்றை ஒரு நோட்டில் வாங்கி வையுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று தயங்கும் அன்பர்கள், காவல் நிலையப் படிக்கட்டையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

மறைமலைநகர், மகேந்திரா சிட்டி நிறுவனங்கள் கழிக்கும் கம்ப்யூட்டர்கள் ஆசை காட்டும். 1.4.2023 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் கழிவைப் பதிவு பெற்றவர்களிடமே தர வேண்டும். எனவே பதிவு பெற்ற புதுப்பிப்பாளரிடமிருந்து பில்லுடன் எடுப்பதே நமக்குப் பாதுகாப்பு.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு 32(5) விதி ஒரு சலுகை தருகிறது. உள்ளீட்டு வரி வரவு எடுக்காமல் ரூ.4,000-க்கு வாங்கி ரூ.5,200-க்கு விற்றால், வித்தியாசமான ரூ.1,200-க்கு மட்டுமே வரி. நஷ்டத்தில் விற்றால் அந்தச் சரக்குக்கு வரியே இல்லை. அதைக் காட்டவும் கொள்முதல் ரசீது கையில் இருக்க வேண்டும்.