கோணத்தை அளக்கிறார்கள், வேகத்தை விட்டுவிடுகிறார்கள்

கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. துணிக்கடை ஊழியர்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கடையில் விற்கும் பனியனைத் தைத்துக் கொடுக்கும் திருப்பூர் டெய்லருக்கு ஸ்டூல் என்றைக்கும் உண்டு. அவருக்கு உட்கார்ந்தேதான் வேலை. கழுத்துவலியும் தோள்வலியும் இடுப்புவலியும் அதற்காக அவரை விட்டுவைக்கவில்லை. வேலையால் வரும் உடல்வலியை நாற்காலிப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது எவ்வளவு தூரம் பலிக்கும் என்று கேட்க, பனியன் கம்பெனியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. எந்த வேலை உடம்பைக் கெடுக்கும் என்று கணிக்க உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல்களில் ஒன்று பிறந்ததே தையல் மெஷின்களுக்கு நடுவில்தான்.

அதன் பெயர் ரூலா. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் மெக்காட்டம்னி, நைஜல் கார்லெட் இருவரும் 1993இல் வெளியிட்டது. துணி வெட்டுபவர்கள், தைப்பவர்கள், நூல் கத்தரிப்பவர்கள், செக்கிங், பேக்கிங் ஆட்கள் ஆகியோரைக் கவனித்துத்தான் அதன் ஒரு பகுதியை உருவாக்கினார்கள். கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும், கூர்மையான கண்ணும் போதும். ஓவர்லாக் மெஷினில் பனியனின் பக்கவாட்டுத் தையலைப் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மெஷின் மேஜை தட்டையாக இருக்கிறது, விளக்கு தலைக்கு மேல் எங்கோ எரிகிறது. ஊசிமுனையைப் பார்க்கக் கழுத்தை 20 டிகிரிக்கு மேல் குனிந்தாக வேண்டும். அதற்கு 3 புள்ளி. முதுகு 20 டிகிரிக்குள் சாய்ந்திருந்தால் 2, அதற்கு மேல் போனால் 3. மேல்கை 20க்கும் 45க்கும் இடையில் முன்னால் நீண்டிருக்கிறது, முழங்கை வெளிப்பக்கம் விரிந்திருக்கிறது, எனவே இன்னொரு 3. மணிக்கட்டின் மடிப்பு, கால்களுக்கு இருக்கும் பிடிமானம், கையில் உள்ள பாரம் எல்லாவற்றையும் அட்டவணையில் சேர்த்துப் பார்த்தால் 5 அல்லது 6 வருகிறது. உச்சம் 7. ஐந்தும் ஆறும் வந்தால் ஆராய்ந்து சீக்கிரம் மாற்றவேண்டும், ஏழு வந்தால் உடனே மாற்றவேண்டும் என்பது விதி. மேஜையைக் கொஞ்சம் சாய்த்து, ஊசிக்குப் பக்கத்தில் சின்ன எல்.இ.டி. விளக்கு போட்டு, ஸ்டூலுக்குப் பதில் முதுகு தாங்கும் நாற்காலி தந்தால் இந்த எண் இறங்கும். செலவும் அதிகமில்லை. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

சிக்கல் அந்தத் தாளின் ஒரு மூலையில் இருக்கிறது. ஒரே அசைவு நிமிடத்துக்கு நாலு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தாலோ, ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் உடம்பை நிறுத்தி வைத்தாலோ ஒரு புள்ளி சேர்க்கச் சொல்கிறது ரூலா. அவ்வளவுதான். ஒரு பீஸுக்கு அரை நிமிடம், ஒவ்வொரு பீஸிலும் எடுக்க, விளிம்பு சேர்க்க, ஊசிக்குள் தள்ள, திருப்ப, தூக்கிப் போட என்று ஐந்து கையசைவு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குப் பத்து அசைவு ஆகிறது. ஒரு புள்ளி சேர்கிறது. மறுவாரம் டார்கெட்டை ஒன்றரை மடங்கு ஆக்கினால் பத்து பதினைந்தாகும். அப்போதும் அதே ஒரு புள்ளிதான். கை படும் பாடு பாதிக்குப் பாதி கூடியிருக்கும், தாளில் உள்ள எண் அசையாது. எத்தனை மணி நேரம் இப்படி என்ற கேள்விக்கும் கட்டம் கிடையாது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர் மாலை ஐந்தரைக்கு எழுந்தாலும், திருப்பூர் வழக்கப்படி ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டுக்கு மேல் எழுந்தாலும் மதிப்பெண் ஒன்றே.

பாரம் தூக்கும் வேலைக்கு இந்தக் குருட்டுத்தனம் இல்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் 1991இல் திருத்தி அமைத்த நியாஷ் சூத்திரம், எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ தூக்கலாம் என்று தொடங்கி, எத்தனை தடவை தூக்குகிறார், எத்தனை மணி நேரம் தூக்குகிறார் என்று கேட்டுக்கேட்டு அந்த 23ஐக் குறைத்துக்கொண்டே வருகிறது. சுமைதூக்குபவரின் வேகம் கணக்கில் வருகிறது. தையல்காரரின் வேகம் வருவதில்லை. கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும் வேகம், ஓய்வு, நேரம் மூன்றையும் கேட்கிற ஓக்ரா என்ற முறை இருக்கிறது, சர்வதேசத் தர விதிகளிலும் இடம் பெற்றிருக்கிறது என்று நிபுணர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இருக்கிறது, சரி. அதற்கு ஒரு ஆள் மெஷினுக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்று எண்ணவேண்டும். ஒரே நாளில் நாற்பது மெஷினை முடித்துவிட்டு அறிக்கை தரவேண்டியவர் ரூலாவைத்தான் எடுப்பார்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பீஸ் ரேட்டில் போய் நிற்கும். தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்றால், ஸ்டூலைச் சரிசெய்ய எழும் அரை நிமிடமும் கூலியில் ஒரு பீஸ். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டும், அதனால் குடிப்பதில்லை. தோள் இறுகினால் நிறுத்துவதற்குப் பதிலாக முழங்கையை இன்னும் விரித்து வேறு தசைக்கு வேலையை மாற்றுகிறார்கள். மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்ளும் ‘தவறான உடல்நிலை’ பலநேரம் இப்படி உருவானதுதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தையல் தொழிலாளிப் பெண்களை ஆராய்ந்து 1989இல் வெளியான ஆய்வு, பீஸ் ரேட்டில் கழித்த ஆண்டுகள் கூடக்கூடக் கடுமையான இயலாமையும் கூடுவதைக் காட்டியது. ஊசியும் மெஷினும் மாறவேண்டிய அவசியமில்லை. கூலி கணக்கிடும் முறையே உடம்பில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

பீஸ் ரேட்டைத் தொழிலாளிகளே விரும்புகிறார்கள் என்பது உடனே வரும் பதில். உண்மைதான். நல்ல கைவேகம் உள்ள பேட்லாக் மெஷின் டெய்லர், நேரத்துக்குக் கூலி தரும் டைம் ரேட்டில் வாங்குவதைவிடப் பீஸ் ரேட்டில் ஓடும் பவர் டேபிளில் அதிகம் சம்பாதிப்பார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் ஒன்றரை ஷிப்டை அவரே கேட்டு வாங்குவார். ஆனால் எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடத்த முடியாதவர் பன்னிரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுப்பதை விருப்பம் என்று எழுதிக்கொள்வது வசதியான கணக்கு. அந்த விருப்பம் எத்தனை வயது வரை நீடிக்கிறது என்றும் பார்க்கவேண்டும். வலி தாங்காதவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டிருப்பார்கள், அல்லது டெய்லராக இருந்தவர் செக்கிங்குக்கோ துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்கோ கூலி குறைந்து போயிருப்பார். மெஷினில் மிச்சம் இருப்பவர்களிடம் போய் எங்கே வலிக்கிறது என்று படிவம் நீட்டினால், தாக்குப்பிடித்தவர்களின் பதில்தான் கிடைக்கும். வேலைகளை மாற்றி மாற்றித் தரலாமே என்ற யோசனையும் அறிக்கைகளில் தவறாமல் வரும். ஓவர்லாக் ஆளை ஒரு மணி நேரம் நூல் கத்தரிக்கச் சொன்னால் அந்த மணி நேரத்துக்கு எந்த ரேட் என்று அதே அறிக்கை சொல்வதில்லை.

சட்டம் இதில் ஏறக்குறைய கைகட்டி நிற்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 29 தொழில்நோய்களைப் பட்டியலிட்டு, அவை வந்தால் அரசுக்குத் தெரிவிக்கச் சொன்னது. ஈயநஞ்சு உண்டு, சிலிக்கோசிஸ் உண்டு, பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ்கூட உண்டு. தசையும் மூட்டும் நரம்பும் தேய்ந்து வரும் நோய் இல்லை. பழைய சட்டங்களைச் சுருட்டி 2020இல் வந்த தொகுப்பும் அதே வரிசையையே வைத்திருக்கிறது. தெரிவிக்கவேண்டியதில்லை என்றால் எண்ணவேண்டியதும் இல்லை. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள டெய்லர் தோள்வலிக்கு விடுப்பு எடுக்கும்போது அது சாதாரண நோயாகப் பதிவானால் கூலியில் 70 சதவீதம், வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம். எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்பதை ஊகிக்கலாம்.

பீஸ் ரேட்டையே ஒழித்துவிடலாம் என்று சொல்வது சுலபம், திருப்பூரில் அது நாளைக்கு நடக்கப்போவதில்லை. நடக்கக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பீஸுக்கும் எத்தனை நிமிடம் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கிடும் ஆள் பெரிய கம்பெனிகளில் ஏற்கெனவே இருக்கிறார். அவருடைய துறையின் பழைய பாடமே களைப்புக்கு நேரம் ஒதுக்கச் சொல்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நேர ஆய்வு அட்டவணை அடிப்படைக் களைப்புக்கு 4 சதவீதம் தருகிறது. குனிந்து செய்யும் சங்கடமான நிலைக்கு ஆணுக்கு 2, பெண்ணுக்கு 3 சதவீதம் கூடுதலாகச் சேர்க்கிறது. ரூலா தாள் ஒரு ஃபைலில், ஸ்டாப்வாட்ச் தாள் இன்னொரு ஃபைலில். ஒன்றில் 6 என்று இருக்கும்போது மற்றதில் டார்கெட் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து, ரூலா 5ஐத் தொட்டாலே டார்கெட்டும் இறங்கவேண்டும், பீஸ் விலை அதற்கேற்ப ஏறவேண்டும் என்று விதி வைக்கலாம். வெளிநாட்டு ஆர்டர் விலை இடம் கொடுக்காது என்பார்கள். எட்டு மணி நேரத்தில் 960 பீஸ் என்ற டார்கெட்டில் அந்த 3 சதவீதத்தைச் சேர்த்தால் குறைவது 28 பீஸ்.