பழைய விளையாட்டுலகிற்குத் திரும்புவோர்

தென்கொரியாவில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'மேப்பிள்ஸ்டோரி' என்னும் இயங்கலை விளையாட்டு, 2005இல் மலேசிய, சிங்கப்பூர் விளையாட்டாளர்களுக்கெனத் தனிப் பதிப்பாகத் தொடங்கப்பட்டது. காளான்களும் பேசும் விலங்குகளும் நிறைந்த அக்கற்பனை உலகில், விளையாடுபவர் போர்வீரராகவோ மந்திரவாதியாகவோ வில்லாளியாகவோ திருடராகவோ உலா வரலாம். அந்நாளில் பெட்டாலிங் ஜெயாவில் பள்ளி மாணவர்களாக இருந்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களுள் சிலர், வேலை முடிந்து வீடு திரும்பியபின், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டெடுத்து மீண்டும் அவ்வுலகில் நுழைகின்றனர். கண்ணைக் கவரும் புதிய விளையாட்டுகள் எத்தனையோ இருக்கும்போது, இருபது ஆண்டுப் பழைமையான ஒன்றை அவர்கள் ஏன் நாடுகின்றனர்?

இதனைப் புரிந்துகொள்ள, இவ்வகை விளையாட்டின் இயல்பை முதலில் அறிய வேண்டும். சதுரங்கம் ஆட்டம் முடிந்ததும் முடிந்துவிடும். இயங்கலைப் பாத்திர விளையாட்டுக்கு அத்தகைய முடிவு இல்லை. ஒருவர் கணினியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றாலும், நிறுவனத்தின் வழங்கியில் அவ்வுலகம் இயங்கிக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் அதில் நடமாடுவர், பொருள்களை வாங்குவர், விற்பர், குழுக்களை அமைப்பர். விளையாடுபவரின் பாத்திரம் சிறிது சிறிதாக வளர்ந்து நிலை உயரும்.

2005ஆம் ஆண்டளவில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லா வீடுகளிலும் விரைவான இணைய வசதி இல்லை. 'ஸ்ட்ரீமிக்ஸ்' இணைப்பு உள்ளவர்கள் வீட்டிலிருந்து விளையாடினர். மற்றவர்கள் கடைவீடுகளின் மாடிகளில் இருந்த சைபர் கஃபேக்களுக்குச் சென்றனர். அங்கே அருகருகே அமர்ந்திருந்த நண்பர்கள், திரைக்குள்ளும் அருகருகே நடந்தனர். விளையாட்டுக்குள் சிறப்பு உடைகளையும் பொருள்களையும் வாங்குவதற்கான முன்கட்டண அட்டைகள் கடைகளில் கிடைத்தன. கைச்செலவுக் காசைச் சேர்த்து அவற்றை வாங்கியவர்கள் உண்டு. பின்னாளில் மலேசியாவை நினைவூட்டும் கம்பத்து ஊர் ஒன்றும் அவ்விளையாட்டில் சேர்க்கப்பட்டது. தம் நாட்டின் சாயலைக் கற்பனை உலகில் கண்டது உள்ளூர் விளையாட்டாளர்களுக்குப் புதுமையாக இருந்தது.

அவ்விளையாட்டை மறக்க முடியாததாக்கியது அதன் படங்களோ இசையோ மட்டுமன்று. பிறரின் துணையின்றி முன்னேறுவது கடினமாக இருக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்ததும் ஒரு முக்கியக் காரணமாகும். இதற்குக் கெர்னிங் நகரக் குழுச் சவால் நல்ல சான்று. 21 முதல் 30 வரையிலான நிலைகளில் உள்ள நால்வர் சேர்ந்தே அதனைத் தொடங்க வேண்டியிருந்தது. ஓர் அறையில் 4 கயிறுகள் தொங்கும். அவற்றுள் 3 மட்டுமே சரியானவை. மூவர் கயிறுகளில் ஏறி நிற்க, தலைவர் கீழே நின்று விடை சரிதானா என்று சோதிப்பார். 4 கயிறுகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 4 வழிகள் உள்ளன. அடுத்த அறையில் 5 மேடைகள். அங்கு வழிகள் 10 ஆகின்றன. அதற்கடுத்து 6 பீப்பாய்கள். அங்கு 20 வழிகள். ஒருவர் அவசரப்பட்டுத் தவறான இடத்தில் நின்றாலும் விடை தவறாகும். முன்பின் அறியாத நால்வர், பேசி, பொறுத்து, ஒருவரையொருவர் நம்பித்தான் அச்சவாலை முடிக்க முடியும். பல நட்புகள் இத்தகைய அறைகளில்தான் அரும்பின.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வெளியிட்ட தமது நூலில் 'மூன்றாம் இடம்' என்னும் கருத்தை விளக்கினார். வீடு முதல் இடம். பணியிடம் இரண்டாம் இடம். மக்கள் தடையின்றிக் கூடிப் பேசும் காப்பிக் கடை போன்றவை மூன்றாம் இடம். நம் நாட்டு மாமாக் கடைகளையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். இயங்கலை விளையாட்டுலகமும் அத்தகைய மூன்றாம் இடமாக விளங்க முடியும் என்று கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலர், டிமிட்ரி வில்லியம்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2006இல் எழுதினர். ஆகவே, பழைய விளையாட்டுக்குத் திரும்புபவர் உண்மையில் தாம் நண்பர்களுடன் கூடியிருந்த இடத்திற்கே திரும்புகிறார் எனலாம்.

ஆனால், அவர் காண்பது அவர் விட்டுச்சென்ற உலகம் அன்று. 2010ஆம் ஆண்டில் கொரியாவில் தொடங்கிய பெரும் மாற்றம் ஒன்று மேப்பிள்ஸ்டோரியின் வரைபடத்தையே மாற்றியது. நிலை உயர்வதையும் எளிதாக்கியது. முன்பு பல நாள் பாடுபட்டு அடைந்ததை இன்று ஒருவர் தனித்தே விரைவில் அடைந்துவிடலாம். வசதி பெருகியது, ஆனால் ஒருவர் மற்றவரின் உதவியை நாட வேண்டிய தேவை குறைந்தது. நண்பர்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்தால், பெரும்பாலான பெயர்கள் ஒளியிழந்து கிடக்கின்றன.

இந்த ஏக்கத்தை உணர்ந்த சில நிறுவனங்கள் பழைய பதிப்புகளையே மீண்டும் வெளியிட்டன. பிரிட்டனின் 'ரூன்ஸ்கேப்' விளையாட்டு, வாக்கெடுப்பு ஒன்றுக்குப் பின்னர், 2007ஆம் ஆண்டு நிலையிலிருந்த தனது பழைய வடிவத்தை 2013இல் திறந்தது. 2004இல் வெளிவந்த 'வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் தொடக்கக் கால வடிவம் 2019இல் வந்தது. பலர் ஆவலுடன் திரும்பினர். எனினும், முன்பு தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த வழிகள் யாவும் இப்போது வழிகாட்டிக் காணொளிகளில் உள்ளன. உலகம் பழையதாக இருந்தாலும் விளையாடுபவர் பழைய சிறுவரல்லர். பத்து முதல் முப்பது வயதுக்குள் பெற்ற அனுபவங்களே முதியோர் நினைவில் மிகுதியாக நிற்கின்றன என உளவியலாளர் கூறுவர். அவ்வயதின் வியப்பை எந்த நிறுவனமும் மறுபதிப்பாக வெளியிட முடியாது.

திரும்பிச் செல்ல இடமே இல்லாமல் போவதும் உண்டு. பழைய புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பாதுகாக்கலாம். இயங்கலை உலகமோ நிறுவனம் வழங்கியை அணைக்கும் நாளில் மறைந்துவிடும். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்னும் விளையாட்டு 2012 நவம்பரில் மூடப்பட்டது. அதன் அன்பர்கள் அதனைத் தாமே உயிர்ப்பித்து நடத்தினர். அவர்களுள் ஒரு குழுவினருக்கு 2024இல்தான் முறையான உரிமம் கிடைத்தது. விற்ற விளையாட்டுகளை நிறுவனங்கள் முற்றாகச் செயலிழக்கச் செய்யக்கூடாது என்று கோரும் மனுவில், 2025க்குள் ஐரோப்பாவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பணமும் பல்லாண்டு உழைப்பும் செலவிட்ட ஒன்று யாருக்குச் சொந்தம் என்பதே அவர்கள் எழுப்பும் வினா.

அவ்வினாவிற்குச் சட்டம் விடை காணும்வரை, விளையாட்டாளர் ஒன்று செய்யலாம். திரைக்குள் கிடைத்த வாளும் கவசமும் நிறுவனத்தின் வழங்கியில் இருப்பவை; அங்குக் கிடைத்த நட்பை வெளியே கொண்டுவர முடியும். கயிற்றில் தொங்கியபடி தலைவரின் சொல்லுக்காகக் காத்திருந்த அந்த நண்பரை, ஒரு தொலைபேசி அழைப்பில் இன்றும் கண்டுபிடிக்கலாம். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஒரு மாமாக் கடையில் நேரிலும் சந்திக்கலாம்.